நாலு பக்கமும் வெட்டிய கொல்லை

பனி மெல்ல விலகியதும் கலையரசியின் கண்ணில் முதலில் பட்டது, மிச்சமிருந்த அந்த ஒரு துண்டுதான்.

போன வாரம் வரைக்கும் கொல்லை முழுக்கக் கரும்பு. உள்ளே ஒரு யானை நின்றாலும் வெளியே தெரியாது. இப்போது அடிக்கட்டையும் காய்ந்த சோகை இலையுமாக வெறிச்சென்று கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு வீட்டு அகலத்துக்குக் கரும்பு நின்றது. அதைச் சுற்றி நாலு பக்கமும், வெட்டிக் கட்டி இறக்கிய கரும்புக் கட்டுகள் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன.

ஆலை கொடுத்த வெட்டு ஆர்டர் இன்றோடு முடிகிறது. சாயங்காலத்துக்குள் எறையூர் ஆலைக்குக் கரும்பு போயாக வேண்டும். மூன்று மணிக்கு வண்டியோடு வருவதாக டிராக்டர்காரன் சுரேஷ்குமார் போனில் சொல்லியிருந்தான்.

ஆனால் கலையரசி அந்தத் துண்டைப் பார்த்து நின்றது ஆலைக்காக அல்ல. அதற்குள் தன் மாமனார் உயிரோடு இருக்கிறார் என்று அவள் நம்பினாள். ஊரில் வேறு யாரும் நம்பவில்லை, அவள் புருஷன் வீரமணி உட்பட.

மாமனார் மதுரைவீரன் காணாமல் போனது ஆர்டர் கையில் கிடைத்த ராத்திரி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் வீரமணிதான் பேச்சை எடுத்தான். வெட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை, இந்த வருஷம் கொளுத்தி வெட்டிவிடலாம் என்றான். அதில் புதுமை ஒன்றுமில்லை. நிற்கிற கரும்பில் தீ வைத்தால் சோகை மட்டும் எரிந்து போகும். பாதி ஆள் போதும், பாதி நாள் போதும். பலரும் செய்வதுதான். கிழவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். விடிந்தபோது அவருடைய செருப்பு மட்டும் கொல்லை வரப்பில் ஜோடியாகக் கிடந்தது.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். கிணறுகளில் பார்த்தார்கள். கரும்புக்குள்ளும் புகுந்து பார்த்தார்கள். காற்றில் சாய்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த கரும்பு அது. குனிந்து உள்ளே போனவர்கள் மூஞ்சியெல்லாம் கீறலோடு போன வழியே திரும்பி வந்தார்கள். கூப்பிட்டுப் பார்த்ததற்குப் பதிலும் இல்லை.

அப்புறம் வெட்டு ஆட்கள் வந்தார்கள், வந்த அன்றே மூட்டையைக் கட்டினார்கள். உள்ளே யாரோ சோகை உரிக்கிற சத்தம் கேட்கிறது, நாங்கள் இந்தக் கொல்லையில் அரிவாள் வைக்க மாட்டோம் என்று மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்படியானால் கொளுத்துவதுதான் வழி என்றான் வீரமணி. நான் வெட்டுகிறேன் என்றாள் கலையரசி.

"முக்கா ஏக்கர் கரும்பை நீ வெட்டப் போறியா?"

"முக்கா ஏக்கரை யாரு வெட்டச் சொன்னா? இன்னிக்கு ஒரு துண்டு. நாளைக்கு ஒரு துண்டு."

அவள் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அங்கே முழு ஷூவை ஒருத்தர்கூடச் செய்வதில்லை. ஒருத்தி ஷூவின் நாக்குத் தோலை வெட்டுவாள், ஒருத்தி ஓரம் தைப்பாள், ஒருத்தி கயிறு போகிற ஓட்டைக்கு வளையம் அடிப்பாள். புதிதாகச் சேரும் பெண் குவிந்து கிடக்கும் வேலையைப் பார்த்து மலைத்தால் கலையரசி அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, கையில் இருக்கும் துண்டை மட்டும் பார் என்பாள். பார்த்தவள் தேறிவிடுவாள்.

அதே பாடத்தைக் கொல்லைக்கு வைத்தாள். பழைய புடவையைக் கிழித்து அடையாளம் கட்டி, கொல்லையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்தாள். லைனில் வேலை பார்க்கும் இரண்டு தோழிகள் லீவு போட்டு வந்தார்கள். வீரமணியும் முறைத்துக்கொண்டே அரிவாளை எடுத்தான். நாலு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி வெட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கம் டிராக்டர் வந்தாலும் ஏற்றலாம் இல்லையா? கலையரசியின் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அவளிடம் உள்ள கோளாறே அதுதான்.

இரண்டாம் நாள் காலையில்தான் அது தொடங்கியது.

அன்றைக்கு வெட்ட வேண்டிய துண்டுக்குப் போனால், கரும்பில் சோகை இல்லை. அடியிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் சுத்தமாக உரித்து, உரித்த சோகையை வரிசைக்கு நடுவில் படுக்கப் போட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. முந்தின நாள் சாயங்காலம் எந்தத் துண்டுக்கு அவள் துணி கட்டிவிட்டு வருகிறாளோ, சொல்லி வைத்தது மாதிரி அந்தத் துண்டு மட்டும்.

கலையரசிக்கு முதலில் அழுகைதான் வந்தது. மாமா உள்ளேதான் இருக்கிறார், கோபத்தில் வெளியே வரவில்லை, ஆனாலும் மருமகள் கை கிழியக் கூடாது என்று பார்க்கிறார். அப்படித்தான் நினைத்தாள். அன்று முதல் ஒரு பொட்டலம் சோறு கட்டிக் கரும்பு ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கும். ஓர் எறும்புகூட ஏறியிருக்காது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நேற்றோடு தோழிகள் இரண்டு பேரும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவில், திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் மதுரைவீரன் மாதிரி ஒரு பெரியவரைப் பார்த்ததாக யாரோ சொல்ல, வீரமணி பஸ் ஏறிப் போனான். ஆளைக் காணோம். ஆனால் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்தவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, முந்தாநாள் இங்கேதான் படுத்திருந்தார் என்று சொல்லிவிட்டார். வீரமணிக்கு அது போதும். அந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா ஆண்டாயியைக் கூட்டிக்கொண்டு, நேற்று இருட்டிய பிறகு வந்து சேர்ந்தான்.

ஆகவே ஆண்டாயி இந்தக் கொல்லையைப் பார்ப்பது இன்று காலையில்தான்.

தம்பிக்குப் பின்னால் தூக்குவாளியோடு வரப்பில் வந்தவள், கொல்லை கண்ணில் பட்டதும் அப்படியே நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். நாலு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு இப்படி வெட்டச் சொன்னது?"

"நான்தான் அண்ணி. எப்படி வெட்டணும்?"

"ஒரு பக்கத்துலேருந்து வெட்டிக்கிட்டே போவணும், கலை. உள்ள இருக்கறது அந்தப் பக்கமா ஓடிப் போவும். பாம்போ, கீரியோ, என்னத்தையோ. இப்படிச் சுத்தி வளைச்சு வெட்டிக் கட்டுங்களையும் போட்டு மறிச்சிட்டா அது எங்க போவும்?"

"எனக்குத் தெரியாதுங்க அண்ணி. இவருகூடச் சொல்லலயே."

வீரமணி வேறு பக்கம் பார்த்தான். அவனுக்கு வயரிங் வேலை. பெரம்பலூர் டவுனில் அவன் இழுக்காத லைன் இல்லை. ஆனால் கரும்பு வெட்டப் பழகுகிற வயதில் அவனை ஐடிஐ ஹாஸ்டலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார் அப்பன்.

"அவனுக்கு என்ன தெரியும்? அவனைத்தான் அப்பா கொல்லைப் பக்கமே விடலயே. முத்துவேலு போனதுக்கு அப்புறம்."

முத்துவேல், வீரமணிக்கு மூத்தவன். கலையரசி கல்யாணமாகி வருவதற்கு வெகு முன்னாலேயே போய்ச் சேர்ந்தவன். குடிசையில் தீப்பிடித்து இறந்தான் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் அதையே சொன்னாள்.

"குடிசை இல்லை, கலை. கரும்பு."

"அக்கா, இப்ப எதுக்கு அது?" என்றான் வீரமணி.

"இப்பத்தான் சொல்லணும். இவ இப்படி வெட்டி வச்சிருக்கறதைப் பாத்தப்புறம் சொல்லாம இருந்தா நான் மனுஷியே இல்லை." ஆண்டாயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நமக்கு ஏது கொல்லை? ஊரான் கொல்லையில வெட்டுனோம். அப்பாதான் மேஸ்திரி. கொல்லைக்காரரு கொளுத்தி வெட்டச் சொல்லிட்டாரு. முத்துவேலுக்கு அன்னிக்குக் காய்ச்சல். வூட்டுலதான் படுத்திருக்கான்னு நினைச்சோம். அவன் எங்க பின்னாடியே வந்து, நிழலா இருக்கேன்னு கரும்புக்குள்ள படுத்திருக்கான். ஒருத்தரும் பாக்கல. அப்பாதான் தீக்குச்சி உரசுனாரு. சுருக்கா எரியட்டும்னு நாலு மூலையிலயும் வச்சாரு."

கலையரசிக்குக் கையில் பிடித்திருந்த அரிவாள் கனத்தது.

"கத்தலையா அண்ணி?"

"எரியற கரும்பு பட்டாசு மாதிரி வெடிக்கும். அதுல எந்தச் சத்தம் கேக்கும்? ஒரு மூலையை விட்டிருந்தா அந்தப் பக்கமா ஓடியாந்திருப்பான். அதைத்தான் சாகுற வரைக்கும் அம்மா சொல்லிச் சொல்லி அழுதுச்சு. அப்பா அதுக்கப்புறம் எந்தக் கொல்லைக்கும் தீ வைக்கல. வெட்டும்போது ஒரு பக்கம் வழி விடாமலும் வெட்டல."

காற்று இல்லை. சோளக் கொல்லைப் பக்கம் ஒரு செம்போத்து குரல் கொடுத்துவிட்டு ஓய்ந்தது.

அப்போது அந்தத் துண்டுக்குள் சர்ரென்று ஒரு சத்தம். கரும்பில் ஒட்டிய சோகையைப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். சற்று நின்றது. மறுபடி சர்ர். வேலை தெரிந்த கை, அவசரமில்லாமல் அடுத்த கரும்புக்குப் போகிற மாதிரி.

ஆண்டாயி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா" என்று கூப்பிட்டாள் கலையரசி. சத்தம் நின்றது.

"பன்னி" என்றான் வீரமணி. குரல் கொஞ்சம் பிசிறியது. "காட்டுப் பன்னிதான் அது. நாலு பக்கமும் வெட்டி உள்ள மாட்டிக்கிச்சு. கரும்புல உரசுது, அதான் சத்தம். அக்கா சொன்ன மாதிரி போக வழியில்லை. இப்ப உள்ள நுழைஞ்சா நம்ம குடலை உருவிப் போட்டுரும்."

"பன்னி சோகையை உரிச்சு அடுக்கி வைக்குமா?"

"நீயே உரிச்சிருப்பே. அசதியில மறந்திருப்பே." சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். "அப்பா திருமழபாடில இருக்காரு. பாத்தவங்க சொல்றாங்க. சாயந்தரத்துக்குள்ள கரும்பு போகலன்னா அடுத்த ஆர்டர் எப்ப வருமோ தெரியாது, அதுவரைக்கும் வெட்டுனதெல்லாம் இங்கயே கிடந்து காயும். ஒத்தைத் துண்டு, கலை. அஞ்சு நிமிஷத்துல எரிஞ்சிரும்."

நியாயமாகத்தான் பேசினான். பயந்த மனுஷன் நியாயமாகப் பேசும்போது எதிர்த்துப் பேசுவது மாதிரிக் கஷ்டம் வேறில்லை. கலையரசிக்கு அது தெரியும். லைனில் மெஷின் நின்றுபோனால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள்: வேலையை இன்னும் சின்னதாக்கினாள்.

"சரி, பன்னின்னே வச்சிக்குவோம். முதல்ல அது போக வழி விடுவோம். கிழக்குப் பக்கம் கிடக்கற கட்டுங்களை மட்டும் நவத்துவோம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு அதுக்கப்புறம் பேசலாம்."

கிழக்கே ரோடு. மேற்கே, தென்னை வரிசையைத் தாண்டினால் அவர்கள் வீடு. பன்றி போவதானால் ரோட்டுப் பக்கமாகப் போய், எதிர்ப்புற ஓடையில் இறங்கட்டும் என்று அவள் கணக்கு.

மூவரும் இறங்கினார்கள். ஒரு கட்டு. அதைத் தூக்கித் தள்ளிப் போட்டதும் இன்னொரு கட்டு. முழு வரிசையைப் பார்க்காதே என்று அவள் ஆண்டாயியிடமும் சொன்னாள், தனக்கும் சொல்லிக்கொண்டாள். வெயில் ஏறியது. முழுக்கைச் சட்டையைத் தாண்டிச் சோகை கிழித்தது. அவர்கள் ஒரு கட்டைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே சத்தம் நிற்கும். கட்டைக் கீழே போட்டதும் மறுபடி சர்ர் என்று தொடரும். அவர்கள் வேலைக்கு உள்ளேயிருந்து யாரோ ஜோடி சேர்ந்து வேலை செய்கிற மாதிரி இருந்தது. ஆண்டாயியின் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

உச்சி வேளைக்குக் கிழக்குப் பக்கம் திறந்துகொண்டது. மூன்று பேரும் விலகி மேற்கே போய் நின்றார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு கீரிகள் ஓடின. ஒரு சாரைப்பாம்பு மினுமினுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. பிறகு கரும்பு படபடவென்று அசைய, சேறு காய்ந்த முதுகோடு ஒரு பெரிய காட்டுப் பன்றி வெளியே வந்தது. நின்று மோந்து பார்த்தது. ரோட்டைத் தாண்டி ஓடையில் மறைந்தது.

வீரமணி மூச்சை நீளமாக விட்டான். சிரிக்கக்கூடச் செய்தான்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னனா இல்லையா?"

கலையரசி தலையை ஆட்டினாள். இத்தனை நாள் கட்டி வைத்த நம்பிக்கை அந்தப் பன்றியோடு ஓடையில் இறங்கிப் போய்விட்டது. ஒரு பன்றிக்கா சோறு கட்டி வைத்தோம் என்று நினைத்தால் சிரிப்புகூட வரவில்லை. மாமா திருமழபாடியில்தான் இருக்கிறார் போலிருக்கிறது, இல்லையென்றால் எங்குமே இல்லை.

வீரமணி ஒரு பிடி காய்ந்த சோகையை முறுக்கிக் கையில் பிடித்தான்.

"இப்ப உள்ள ஒண்ணும் இல்லைல்ல? பேச்சை விடு. மூணு மணிக்கு வண்டி வந்துரும்."

தீக்குச்சியை உரசினான். சோகை முனையில் பற்றியது.

உள்ளே, சர்ர்.

வீரமணிக்கும் கேட்டது. அவன் முகம் போன போக்கிலேயே தெரிந்தது. ஆனால் கையைக் கீழே இறக்கவில்லை. சத்தத்தை நம்பினால் அவன் இன்னும் பெரிய எதையோ நம்ப வேண்டியிருக்கும். அதைவிடக் கொளுத்துவது அவனுக்குச் சுலபமாகப்பட்டது.

கலையரசி அரிவாளைக் கீழே போட்டாள். சுற்றிக்கொண்டு போய்க் கிழக்குப் பக்கமாகக் கரும்புக்குள் நுழைந்தாள்.

"ஏய் கலை, எங்க போற?"

"நான் உள்ள இருக்கேன். இப்ப கொளுத்துங்க பாப்போம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. மாமா வீட்டை விட்டுப் போனது கோபத்தில் அல்ல. உள்ளே ஒரு ஆள் இருந்தால் மகன் கொளுத்த மாட்டான். அதற்காகத்தான் போயிருக்கிறார். தீ வைக்கக் கூடாது என்று மகனிடம் வாயால் சொல்ல வேண்டுமானால் முத்துவேலின் கதையை எடுக்க வேண்டும். அதை எடுக்க அவருக்கு நாக்கு வராது. ஆகவே உடம்பைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டு கையாலும் கரும்பை விலக்கி, குனிந்து, ஒரு அடி. அப்புறம் இன்னொரு அடி. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

நடுவில், கரும்பு சாய்ந்து கூரை மாதிரி கவிந்த இடத்தில், மதுரைவீரன் உட்கார்ந்திருந்தார். வேட்டி மண் நிறமாகியிருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பக்கத்தில் மென்று துப்பிய கரும்புச் சக்கை குவிந்து கிடந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அணைச்சிட்டானாம்மா?" என்று கேட்டார்.

"அணைச்சிட்டாருங்க மாமா." அணைத்தானா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அப்படித்தான் சொல்ல வந்தது. "வாங்க, வெளிய போவோம்."

வெளியே வீரமணி சோகையைக் காலால் மிதித்து மிதித்து அணைத்துக்கொண்டிருந்தான். அப்பனைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தாமலே அழ ஆரம்பித்தான். ஆண்டாயி ஓடி வந்து தூக்குவாளியிலிருந்த நீராகாரத்தை அவர் வாயில் வைத்தாள். கிழவர் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். கலையரசிக்கு மனம் லேசாகிவிட்டது. ஆள் கிடைத்துவிட்டார். துண்டு துண்டாக வெட்டியது வீண்போகவில்லை. தீ வைத்திருந்தால் என்ற நினைப்பை மட்டும் அவள் பாதியில் வெட்டிவிட்டாள்.

"கூப்பிட்டப்ப ஏம்ப்பா ஒரு குரல் குடுக்கல?" என்றான் வீரமணி.

"குடுத்தா வெளிய இழுத்து வுட்டுட்டுக் கொளுத்தியிருப்ப."

"பன்னி இருந்துச்சேப்பா உள்ள. எப்படிப்பா அதுகூட இருந்தீங்க?"

"அது ஒரு பக்கம் இருந்துச்சு. என்கிட்ட வர விடல."

யார் வர விடவில்லை என்று வீரமணி கேட்கவில்லை. கலையரசி பேச்சை மாற்ற நினைத்தாள்.

"தினமும் சோகை உரிச்சு வச்சீங்களே மாமா, உங்களுக்கு எதுக்கு அந்த வேலை? சோத்தையாவது எடுத்துச் சாப்பிட்டிருக்கக் கூடாதா?"

"நானா?" கிழவர் இரண்டு கையையும் நீட்டினார். "உக்காந்த எடத்தை விட்டு நான் எந்திரிக்கவே இல்லையேம்மா. கைக்கு எட்டுன கரும்பை ஒடிச்சேன், வாய்க்கா ஈரத்தைத் தோண்டித் தண்ணி குடிச்சேன். அவ்வளவுதான்."

கலையரசி அந்தக் கைகளைப் பார்த்தாள். நாளெல்லாம் நூறு கைகளின் வேலையைப் பார்க்கிறவள் அவள். கரும்புச் சோகை வாள் மாதிரி. தன் கையில், தோழிகள் கையில், வீரமணி கையில், எல்லார் கையிலும் முழங்கை வரைக்கும் கீறல். மதுரைவீரனின் கை மெலிந்திருந்தது. மண் அப்பியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அப்போதுதான் கிழவர் சுற்றும் முற்றும் பார்த்தார். திறந்து கிடந்த கிழக்குப் பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"வழி விட்டிருக்கீங்களா?" என்றார். "நல்லது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க எல்லாரும். ஆளுங்க நின்னா அவன் வர மாட்டான். கூச்சப்படுவான்."

மூவரும் தள்ளி நின்றார்கள்.

துண்டுக்குள் கரும்பு ஒரு வரிசையில் மெல்ல விலகியது, உள்ளேயிருந்து வெளியே. விலகிய இடத்தில் ஒன்றுமில்லை. பிறகு வெட்டிய தரையில் பரவிக் கிடந்த சோகை நொறுங்கத் தொடங்கியது. நொறுங்கி, ஒரு எட்டு இடைவெளி விட்டு, மறுபடி நொறுங்கியது. நாலு கால் பிராணி நடக்கிற சத்தமில்லை அது. ரோட்டை நோக்கிக் கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. எந்தப் பக்கம் என்று தெரியாதவன் நிற்கிற மாதிரி நின்றது.

பிறகு திரும்பியது. அவர்களைச் சுற்றிக்கொண்டு, கிழவரின் காலடியை ஒட்டி, மேற்கே தென்னை வரிசையைப் பார்த்து நடந்தது.

"அப்பா" என்றான் வீரமணி. சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

"விடுடா. வூட்டுக்குத்தான் போறான். இத்தனை வருஷமா ஒரு பக்கமும் வழி இல்லாம நின்னவன்."

ஆண்டாயிதான் முதலில் அசைந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாளியைக்கூட எடுக்காமல், அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வேகமாக நடந்தாள். தென்னை வரிசைக்குப் போனதும் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"கலை, வூட்டுக் கதவு தெறந்திருக்கா?"

கலையரசி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது. காலையில் வீட்டைப் பூட்டியது அவள்தான். முன்கதவு, பின்கதவு, ஜன்னல்கள், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஓட ஆரம்பித்தாள்.